ஆறாவது ஆள்

சஹனில் ஒரு ஆள் குறைந்தது. ஆறு பேர் சுற்றி உட்காராமல் அந்தப் பொதுச் சோற்றுத் தாலத்தின் மூடியைத் திறக்கிற வழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்கள். மகளின் கலியாண அலைச்சலில் பல நாளாகச் சரியாகத் தூங்காத இத்ரூஸ் மரைக்கார் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். ஓரமாக நின்ற யாகூப்தான் கண்ணில் பட்டார். “வாங்க யாகூப், இதுல உக்காருங்க” என்றுவிட்டார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாகூப் ஒஸ்தா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுன்னத்துச் செய்கிறவர், தலை மழிக்கிறவர். அவருக்குச் சோறு எல்லாரும் எழுந்த பிறகு, குசினிப் பக்கம், தனிக் கோப்பையில். தொழுகையில் தோளோடு தோள் நிற்கலாம், சஹனில் கூடாது. யார் போட்ட சட்டமோ! இத்ரூஸின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசலை நிர்வகித்த மரைக்கார் குடும்பம். சொத்தெல்லாம் கரைந்துபோய் மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இந்தப் பந்தியே. அந்தப் பேருக்காகத்தான் கலேவெல ஊர் வியாபாரக் குடும்பம் முப்பது தாண்டிய மகள் நூருன்னிஸாவைக் கேட்டு வந்தது. சாப்பாடு முடிந்ததும் நிக்காஹ்.

யாகூப் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். மூடி திறந்தது. ஐந்து பேரும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா மஹ்ரூப் இத்ரூஸின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எங்கட ஆக்கள் இதுல சாப்பிட மாட்டாங்க மரைக்கார். நீங்க குடும்பப் பேர் உள்ளவர், நான் சொல்லத் தேவல்ல.”

கலேவெல வரைக்கும் யாகூப்தான் ஒஸ்தா. மஹ்ரூபின் மகன்மாருக்குச் சுன்னத்துச் செய்ததும் அவர் கைதான். அதைச் சொல்ல இத்ரூஸ் வாயெடுத்தார். நான்தான் கூப்பிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். உள்ளே பெண்கள் குரவையிட்டார்கள். எல்லாமே அலுத்துப்போன மனிதராக அவர் தரையைப் பார்த்தார்.

யாகூப் எழுந்தார். “மன்னிக்கணும், யாரும் கூப்பிடல்ல. நான்தான் யோசிக்காம உக்காந்துட்டேன்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, இத்ரூஸின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

மஹ்ரூப் இத்ரூஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய குடும்பம்னா இதுதான். சத்தமில்லாம முடிச்சிட்டீங்க.”

புதுச் சஹன் வந்தது. பழையதை ஒதுக்குவதற்காக இத்ரூஸே குனிந்து தூக்கினார். யாகூப் இறைச்சி முழுவதையும் பிய்த்து, ஐந்து பேர் பக்கமும் பங்கு பங்காக வைத்திருந்தார். அவர் இருந்த பக்கம் வெறும் சோறு. அதில் விரல் பட்ட தடமே இல்லை.

“வாங்க மரைக்கார், நீங்க உக்காந்தாத்தான் திறப்போம்” என்று மறுபடி உட்கார்ந்த ஐந்து பேரும் கூப்பிட்டார்கள்.

தாலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவர் இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார்.