ஐந்தாம் மாடிக் கதவு

அப்பா போனைப் பிடுங்கிய நேரத்தில்தான் சிநேகிதியிடமிருந்து அந்தச் செய்தி வந்து விழுந்தது. "இனிமே என்னால முடியாது. நான் போறேன்." பதில் தட்டுவதற்குள் போன் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. மார்க் குறைந்ததற்குத் தண்டனை. மகள் கெஞ்சியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, போனுக்காக இதைவிடப் பெரிய புளுகெல்லாம் அவள் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், போய் நாலு பேரிடம் பேசிப் பழகு என்று சொல்லிவிட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தன் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். போனில் அவள் பேரே வேறு, வாத்து. அதில் மட்டும் வாய் ஓயாது, அதுவும் பனிக்கரடியிடம். பனிக்கரடி ஒரு விளையாட்டில் அறிமுகமான பெண். ஒரு வருஷமாக இருவருக்கும் சிரிப்பும் அழுகையும் எழுத்திலேயே நடந்தன. ஒரே நேரத்தில் இருவர் வீட்டிலும் கரண்ட் போனபோதுதான் எதிரெதிர்க் கட்டடம் என்றே தெரிந்தது. ஐந்தாம் மாடி, நீலத் திரை போட்ட ஜன்னல் என்று பனிக்கரடி அடையாளம் சொன்னாள். ஆனாலும் சந்திக்கவில்லை. நேரில் பார்த்தால் கெட்டுப்போகும் என்றாள் பனிக்கரடி. வாத்துக்கும் அதுவே சௌகரியம். கொஞ்ச நாளாகப் பனிக்கரடி எழுதியதெல்லாம், உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்று, பயப்படும்படி இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். இந்த மக்கு வாத்தும் செய்து கொடுத்திருந்தது.

எதிர் ஜன்னலில் திரை மூடியிருந்தது. அம்மாவும் வேலைக்குப் போயாகிவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கூரியர்காரர் மணியடித்தாலே குளியலறைக்குள் ஒளிகிறவள் அவள். ஐந்தாம் மாடியில் மணியை அழுத்திய பிறகும் கால் படிக்கட்டுப் பக்கமே இழுத்தது. பனிக்கரடியின் அம்மா, பாதி இஸ்திரி போட்ட சட்டையும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

"யாரும்மா நீ?"

"உங்க பொண்ணோட ஃபிரெண்டு."

"அவளுக்கு ஃபிரெண்டே கிடையாதேம்மா."

வீடு மாறி வந்துவிட்டாயோ என்பது போலத்தான் அதைச் சொன்னாள். மகள் எங்கே என்று கேட்டதற்கு மூடியிருந்த அறையைக் காட்டினாள். காலையிலிருந்து திறக்கவில்லையாம். எப்போதும் அப்படித்தானாம், உள்ளே போனும் கையுமாகக் கிடப்பாளாம்.

வாத்து அவளைத் தாண்டிப் போய் அறைக் கதவைத் தட்டினாள். சத்தமே இல்லை. இனிப் பேசித்தான் ஆகவேண்டும்.

"நான்தான்... வாத்து. அப்பா போனைப் பிடுங்கிட்டாரு, அதான் பதில் போடல. கதவைத் திற."

உள்ளே ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினாள், இந்த முறை உள்ளங்கையால். அடித்த அடியில் கை எரிந்தது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அழுது வீங்கிய முகம். நல்லவேளை, முழுசாக நின்றாள்.

"பதிலே வரல. நீயும் விட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றாள் பனிக்கரடி. பிறகு அம்மா நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எதுவும் சொல்லாம போயிடு. சத்தியம் பண்ணியிருக்கே."

வாத்துக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகம். வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று தெரிந்தது. போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தாள். பனிக்கரடியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆன்ட்டி, இங்க வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பனிக்கரடி கையை உதறவில்லை.