இரண்டாவது மின்னல்

கோராவின் கீரை, ஆய்வக விளக்கின் இரண்டாவது மின்னலிலேயே ஆக்சிஜனைக் கக்கியது. அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மற்ற கீரையெல்லாம் மூன்றாவதில்தான் கக்கும். விளக்கு ஒருமுறை மின்னினால் ஒரு எலக்ட்ரான் என்று தண்ணீரிடமிருந்து பிடுங்கும். நான்கு சேர்ந்தால்தான் ஆக்சிஜன். இருட்டில் ஓய்வெடுத்த கீரை ஏற்கெனவே ஒன்றைப் பிடுங்கி வைத்திருக்கும், அதனால் மூன்று மின்னல் போதும். கோரா தானே வளர்த்த புது ரகமோ இரண்டிலேயே முடித்துவிட்டது. எங்கள் இல்லினாய் ஆய்வகத்தில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் முனைவர் பட்டமே கைநழுவ இருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேராசிரியர் விக்கரி, மேலே பெரிதாக ‘2’ எழுதிய கேக்குக்கே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வெட்டுவதாக ஏற்பாடு.

எனக்கு வயிற்றெரிச்சல். அந்த அதிசயத்தை நானும் பார்க்கிறேன் என்று வியாழக்கிழமை அவளோடு இருட்டறைக்குள் போனேன்.

மங்கலான பச்சை வெளிச்சத்தில், கீரையை அரைத்தெடுத்த கரைசலைக் கருவியில் ஊற்றினாள். பிறகு மின்னல் விளக்கின் பொத்தானை ஒரு தட்டு தட்டினாள். அது கிழட்டு விளக்கு. சில நாள் கண்ணே திறக்காது. அதனால் முதலில் தட்டிப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் நாங்கள் கரைசலை ஊற்றும் முன்பே தட்டிவிடுவோம்.

"இப்ப ஒண்ணு தட்டினியே, அது எந்தக் கணக்கு?" என்றேன்.

"விளக்கு எரியுதான்னு பார்த்தேன்."

"கீரையும் பார்த்திருக்குமே."

அவள் சூப்பர் மார்க்கெட் கீரையில் எடுத்த கரைசலைக் கொண்டுவந்து, அதே மாதிரி ஊற்றி, தட்டி, ஓட்டினாள். இரண்டாவது மின்னலிலேயே திரையில் ஆக்சிஜன் கோடு எகிறியது.

"இதுக்கும் ஒரு கேக் சொல்லணும் போல" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் கைதட்டியிருக்கும். ஆனால் மறுநாள் அவளே எழுந்து, தட்டியது முதல் எகிறியது வரை எல்லாவற்றையும் சொன்னாள். விக்கரி கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கோரா கத்தி முனையால் கிரீமை இழுத்து அந்த 2-ஐ 3 ஆக்கினாள். முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, எண்ணத் தெரிஞ்சவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்தத் துண்டைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.