பலகையோடு எடை போட்ட காகிதம்

எங்கள் தீவு எதிர்த்தீவுக்குக் கழிவறைக் காகிதம் அனுப்புகிறது. அவர்கள் எங்களுக்குப் பள்ளி நோட்டுகள் அனுப்புகிறார்கள். யார் அதிகம் விற்றார்கள் என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது இயக்குநரின் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் இப்படித்தான் பாடுபடுகிறோம்.

"நம்ம பொண்ணுக்கும் அவர் பேரையே வெச்சிருக்கலாம்," என்றாள் என் மனைவி. "நீங்க உருவாக்குற எல்லாத்துலயும் அதானே இருக்கு."

இந்த முறை வெட்கத்தை விட்டு இயக்குநரிடம் கேட்டேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், என் பெயரும் இருக்கட்டுமே என்று. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காகித அறிக்கையிலயே காகிதத்த வீணாக்கலாமாய்யா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல ஜோக்தான். அன்றைக்கே அவரை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன்.

வழியைத் துறைமுகம் காட்டியது. காணாமல் போன ஒரு எடைச்சீட்டைத் தேடிப் போனபோதுதான் பார்த்தேன்: காகிதக் கட்டுகளை அடுக்கியிருந்த மரப்பலகையோடு தூக்கி அப்படியே தராசில் வைத்தார்கள். பலகையின் எடையை யாரும் கழிக்கவில்லை. எங்கள் கணக்கில் எண்ணூறு டன் போனது, எதிர்த்தீவின் கணக்கில் அறுநூற்றெண்பது டன்னாகப் போய்ச் சேர்ந்த மர்மம் விளங்கியது. நூற்றிருபது டன் மரத்தைக் காகிதமென்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய நோட்டோ எழுநூறு டன், பலகை இல்லாமல். ஆக, நாங்கள் முந்தவே இல்லை.

பதினோரு ஆண்டு தெரியாமல் செய்த தப்பை இந்த ஆண்டு தெரிந்தே செய்தேன். முன்னேற்றம்தானே.

எதிர்த்தீவில் என் வேலையைச் செய்யும் ஒரு அம்மாவுக்குப் போன் போட்டேன். எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று வருடா வருடம் என்னிடம் கேட்டுச் சலித்தவர் அவர்.

"இந்தத் தடவை ரெண்டு தீவுக் கூட்டத்துல எங்க இயக்குநர்கிட்டயே கேளுங்க மேடம். பலகை எடையக் கழிச்சீங்களான்னு மட்டும் கேளுங்க."

இரு தீவு அமைச்சர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், நாங்களே முந்தினோம் என்று இயக்குநர் முழங்கினார். நான் பின்வரிசையில், கல்யாண வீட்டுக்காரன் போலப் பூரித்திருந்தேன். அந்த அம்மா எழுந்தார், கேட்டார்.

இயக்குநர் தாளைப் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். காது மடல்வரை சிவந்துவிட்டது. தண்ணீர்க் குவளையை அவசரமாக எடுத்ததில் பாதித் தண்ணீர் அறிக்கைமேல் கொட்டியது. இதற்காகத்தான் காத்திருந்தேன், ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. எழுந்து போய் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதுதான் வினை. என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இந்த அறிக்கைய நான் எழுதலைங்க. இவர்தான் எழுதுனாரு. பன்னிரண்டு வருஷமா எல்லாத்தையும் இவரேதான் எழுதுறாரு."

அறை மொத்தமும் என்னைப் பார்த்தது. எங்கள் அமைச்சரின் பார்வையில் என் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. இயக்குநர் சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், தப்பித்திருப்பேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டாக எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ, அதை அந்த மனுஷன் தன் வாயாலேயே, இரண்டு அமைச்சர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அதைப் போய் மறுப்பேனா?

"ஆமாங்க," என்றேன். "எல்லாமே நான் எழுதுனதுதான். தப்பும் சேர்த்து."

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் தலைநிமிர்ந்து என் பெயரைக் கேட்டாள். தலைப்பெழுத்தோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தும் கொண்டேன்.