சமமானவர்களின் வரிசை

“டோக்கன் மறுபடியும் குழம்புதும்மா. முதல்ல வந்தவங்க உக்காந்திருக்காங்க, இப்ப வந்தவங்கள கூப்பிடுது. ஜனங்க என்னைப் புடிச்சுத் திட்டுறாங்க” என்று கண் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் பொரிந்தாள்.

“இங்க சரியாத்தான் வருது, சிஸ்டர்.”

“அங்க வந்து எனக்கென்ன பிரயோஜனம்?”

போனை வைத்த புரோகிராமருக்குத் தலை வெடித்தது. நோயாளிகளை அவசரம் பார்த்து வரிசைப்படுத்தும் அந்த நிரலை சி என்ற கணினி மொழியில் எழுதியவள் அவள்தான். ஒரே அளவு அவசரம் உள்ளவர்கள் வந்த வரிசைப்படியே உள்ளே போவார்கள். இத்தனை காலம் ஒரு புகார் கிடையாது. போன வாரம் ஆஸ்பத்திரி பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு ஒரு புதுப் பெட்டியை வைத்தது. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர்; புதுப் பெட்டிக்கேற்ற கம்பைலரில் நிரலை மறுபடி உருவாக்கிக் கொடுத்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

நேரில் போனாள். காத்திருப்புக் கூடத்தில் முதலில் காதில் விழுந்தது மாமியாரின் குரல். அன்றைக்குத்தான் அவருக்குப் பரிசோதனை என்பதை இந்தத் தொல்லையில் மறந்தே போயிருந்தாள்.

“இந்த டோக்கன் சமாச்சாரமெல்லாம் எங்க மருமக எழுதினதுதான்.”

“ஓ, உங்க மருமகளா?” எதிரே இருந்த டாக்ஸி டிரைவர் எழுந்துவிட்டார். “கதவத் திறக்கும்போதே வந்தவன் நான். எனக்குப் பின்னாடி வந்த ஆளு டாக்டரப் பாத்துட்டு வீட்டுக்கே போயிட்டாரு. அந்தம்மா எங்க இருக்காங்க?”

“இதோ, அவளே வந்துட்டாளே!” என்றார் மாமியார், விஷயம் புரியாத பெருமையோடு.

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நர்ஸின் மேசைக்குப் பின்னால் போய் லேப்டாப்பைத் திறந்தாள். ஒரே அவசரத்தில் நாலு பெயர்களைக் கொடுத்துப் பார்த்தாள். லேப்டாப்பில் கொடுத்தபடியே வந்தன. புதுப் பெட்டியில் கலைந்து வந்தன.

வரிசைப்படுத்தும் வேலையைச் செய்வது அவள் எழுதிய வரிகள் அல்ல, மொழியோடு ஆயத்தமாக வரும் நிரல் தொகுப்பான லைப்ரரி. அதன் விதிமுறையை இப்போதுதான் முழுதாகப் படித்தாள். சமமானவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் பச்சையாகவே எழுதியிருந்தது. பழைய கம்ப்யூட்டரிலும் அவள் லேப்டாப்பிலும் இருந்த லைப்ரரி கலைக்காமல் விட்டது அதன் நல்ல மனசு, கடமை அல்ல. புதியதற்கு அந்த மனசு இல்லை. இதை யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

அவசரம் சமமாக இருந்தால் வந்த நேரத்தைப் பார் என்று ஒரு வரி சேர்த்து, நிரலைப் புதுப் பெட்டியில் ஏற்றினாள். டிரைவரின் எண் திரையில் வந்தது. அவர் அவளை முறைத்துக்கொண்டே உள்ளே போனார்.

வெளியே வந்து தன் கம்பெனி மேலாளருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப யாரு தப்பு? கம்பைலரா, லைப்ரரியா?”

“ரெண்டும் இல்ல சார். வந்த வரிசை மாறாதுன்னு நான்தான் நம்பியிருக்கக் கூடாது.”

“சரி, விடு. மத்த கஸ்டமருங்களும் அதே பெட்டிதான் வாங்கப் போறாங்களாம். அங்கேயும் இதே மாதிரி எழுதியிருக்கியா?”

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, கம்பெனியின் எல்லா நிரல்களிலும் அந்த லைப்ரரியை வரிசைப்படுத்தக் கூப்பிடும் இடங்களைத் தேடினாள். விடைகள் திரையில் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

“சார், நாளைக்கு லீவு கேட்டிருந்தேனே,” என்றாள், “அத ரத்து பண்ணிடுங்க.”