தேய்ந்த சவுண்டு பாக்ஸ்

பீளமேட்டில் மில்காரர் வரதராஜுலுவின் பங்களாப் படியை மிதித்து ஒன்பது வருஷமாகிவிட்டது சபுராவுக்கு. கைப்பைக்குள் துணியில் சுற்றிய பொருளை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு இதே கூடத்தில்தான், சர்வீஸ் செய்த கிராமபோனைத் திருப்பிக் கொண்டுவந்தவளை அவர் திருடி என்றார். ஊசியைப் பிடித்திருக்கிற வட்டமான சவுண்டு பாக்ஸை அவள் அழுக்குப் போகத் துடைத்திருந்தாள். ஓரத்தில் முலாம் தேய்ந்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஒரிஜினலை எடுத்துப்போட்டு டூப்ளிகேட்ட மாட்டிட்டயா? இதையும் நீயே வெச்சுக்க!" என்று கழற்றி அவள் காலடியில் எறிந்தார். சமையல்காரி செல்லாத்தாள் முதல் தோட்டக்காரர் வரை வேடிக்கை பார்த்தார்கள். பெரிய மனுஷர் சொன்னால் ஊர் நம்பாமலா போகும்? அதற்கப்புறம் பழைய பாட்டுப்பெட்டி வைத்திருந்த ஒருத்தரும் அவள் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மிக்சி ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளினாள்.

இன்று பழம்பொருள் போட்டிக்கு நடுவராக பெங்களூரிலிருந்து ஷ்ரவ்யா வந்திருந்தாள். வரதராஜுலு போட்டிக்கு வைத்த அதே கிராமபோன் பெட்டியைப் பிரித்துக் காட்ட ஆள் தேடி, விசாரித்து, சபுராவை அவளே வரச் சொல்லியிருந்தாள். வரதராஜுலு முகத்தில் ஈயாடவில்லை.

"எதெது ஒரிஜினல்? எல்லாம் சரியா இருந்தாத்தான் முதல் பரிசு," என்றாள் ஷ்ரவ்யா.

சபுரா ஒவ்வொன்றாகத் தொட்டாள். "மோட்டார் ஒரிஜினலுங்க. திருகாணித் தலை ஒண்ணும் சிதையல பாருங்க. ஹாரனும் சரிங்க. சவுண்டு பாக்ஸ் மட்டும் டூப்ளிகேட்டுங்க."

"பம்பாய்ல தேடி வாங்குனது அது! எப்படிப் பளபளங்குது!" வரதராஜுலு குரல் உயர்ந்தது.

"அதுதானுங்க தப்பு. பாடாத நேரம் இது இந்தக் கொக்கிலதான் சாஞ்சு கெடக்கும். எம்பது வருஷமாக் கொக்கி தேஞ்சிருக்குது. இதுல ஒரு கீறல்கூடக் காணமுங்களே."

கைப்பையிலிருந்ததை எடுத்துக் கொக்கியில் வைத்தாள். தேய்ந்த ஓரம் தேய்ந்த கொக்கியில் அச்சாக உட்கார்ந்தது. மாட்டிச் சாவி கொடுத்தாள். இசைத்தட்டில் ஊசியை வைத்ததும் வயலின் கூடமெங்கும் நிறைந்தது.

"இதுதான் ஒரிஜினல். முதல் பரிசு இந்தப் பெட்டிக்குத்தான்," என்றாள் ஷ்ரவ்யா.

"நான் திருடலீங்க." வாசலோரம் நின்ற செல்லாத்தாளுக்கும் கேட்கும்படி சபுரா சொன்னாள்.

வரதராஜுலு கைகூப்பினார். "தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி. எல்லாத்து முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சுக்கங்க."

ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் போதவில்லை. இசைத்தட்டு முடிகிறவரை பொறுத்திருந்தாள். பிறகு சவுண்டு பாக்ஸைக் கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

"அம்மணி, அதை எங்கீங்க கொண்டுட்டுப் போறீங்க? பரிசு..."

"நீயே வெச்சுக்கன்னு நீங்கதானுங்களே குடுத்தீங்க," என்றாள் சபுரா. "வாரேனுங்க."