முப்பது வாத்தும் ஒரு பூஜ்யமும்

ஆரஞ்சுத் தோட்டத்தில் நத்தைக்கு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டு, நத்தையைத் தின்ன வாத்து விடச் சொல்லி, பெரியவள் இரண்டு வருடமாக அப்பாவை அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். தாத்தா கன்று நட்ட தோட்டம். அப்பா முப்பது வருடம் மருந்தடித்த தோட்டம். மருந்துக்குச் செத்ததெல்லாம் மண்புழுதான். நத்தை மழைக்கு மழை குடும்பத்தோடு திரும்பி வந்தது. கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"சரி, வாத்தை விட்டே மேய்ச்சுப் பாரு. முப்பது. அதுக்கு மேல ஒண்ணுகூட கூடாது."

அன்றைக்கே போனில் ஆர்டர் போட்டாள். போட்ட கை சும்மா இருந்ததா? ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்று, டிரைவர் பின்கதவைத் திறந்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. முந்நூறு வாத்து. முந்நூறும் ஒரே நேரத்தில் அவளிடம் குசலம் விசாரித்தன.

"திருப்பிக் கொண்டு போயிடுங்கண்ணே."

"நாலு மணி நேரம் இதுங்ககூட வந்திருக்கேன்மா. என்னைக் கொன்னாலும் மாட்டேன்."

அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தாத்தா கம்பை ஊன்றி வந்து எட்டிப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கைக்கு வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு, "உங்கப்பன்கிட்ட மூச்சு விடாத. மரவரிசைக்கு நடுவுல வலையைக் கட்டி, முப்பது முப்பதா பிரிச்சு விடு. எங்க போனாலும் அவன் கண்ணுக்கு முப்பதுதான் தெரியும்" என்றார்.

மூன்று நாள் நாடகம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, "முப்பதுக்கு இவ்வளவு சத்தமா?" என்றார்.

"புது இடம்பா. சந்தோஷத்துல கத்துது."

தாத்தாவுக்குப் புரையேறியது.

நாலாம் நாள் குட்டு உடைந்தது. அப்பா ஆசையாக ஒரு வாளி மக்காச்சோளத்தோடு தோட்டத்து நடுவில் போய் நின்று வாளியைத் தட்டினார். அவ்வளவுதான். வலைக்கு அடியில் நுழைந்தும் மேலே தாவியும் முந்நூறும் பிய்த்துக்கொண்டு வந்தன. முழங்கால்வரை அப்பா வாத்துக்குள் மூழ்கிவிட்டார். பெரியவள் ஓடிவந்தாள்.

"இது முப்பதாடீ?"

"ஒரு பூஜ்யம் கூடிப்போச்சுப்பா."

அப்பா வாயைத் திறந்தார். தொலைந்தோம் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதற்குள் ஒரு வாத்து அவருடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. இன்னொன்று வாளிக்குள் ஏறிச் சட்டமாக உட்கார்ந்தது. 'களுக்' என்றொரு சத்தம். வாத்துச் சத்தம் இல்லை, அப்பாவுடையது. அவர் சிரிக்க, வாத்துகள் பதிலுக்குக் கத்த, அதற்கும் சேர்த்து அவர் சிரிக்க, நிற்க முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவளும் பக்கத்தில் விழுந்து சிரித்தாள். சோளம் போன இடம் தெரியவில்லை.

மழை பிடித்தது. அந்த வருடம் மரமேறும் பாக்கியம் எந்த நத்தைக்கும் வாய்க்கவில்லை. விடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாத்து ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குவது இப்போது அப்பாதான்.

ஒரு நாள் பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் வந்து குழைந்தார். "ஒரு அம்பது வாத்தை ரெண்டு நாளைக்கு எங்க பக்கம் அனுப்புங்களேன்."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பசங்க இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க. முடிச்சதும் கேட்டுச் சொல்றேன்."