கமலாக்ஷி, வயது ஐம்பத்திரண்டு

1

இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. அனுபவத்தில் பிறந்தது, சமூகக் கோபத்தில் பிறந்தது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கை கூசியது. 1978 ஆடி மாதம், கொச்சி மழையில் நனைய மனமில்லாத ஒரு மாணவனால்தான் இது நேர்ந்தது.

அவனுக்குச் சங்கரலிங்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அது நான்தான். கடைசியில் சொல்லி உங்களை வாய் பிளக்க வைக்கலாம் என்றிருந்தேன். நீங்கள் மூன்றாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். 'நான்' என்று எழுதினால் அவனுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவேன். 'அவன்' என்றால் கொஞ்சம் திட்ட வசதி.

2

தொடக்கம், முதல் முயற்சி: மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் மழை ஒரு விதவையின் கூந்தலைப் போல—

(வேண்டாம். மழைக்கும் விதவைக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: சங்கரலிங்கம் எர்ணாகுளத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்தான்.

போதும். தினமும் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறிப் போய், செய்தி என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு திரும்புவான். ஜிப்பா, தோளில் துணிப்பை, அதில் இரண்டு பேனா. படிப்பு மலையாளத்தில், வீட்டில் தமிழ். இரண்டிலும் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுத வராது. அதை இருமொழிப் புலமை என்று சொல்லிக்கொள்வான்.

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்து வரச் சொன்னார் பேராசிரியர். கிடங்குகள் அவன் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஆனால் மழை. படகுத்துறைக்கு எதிரே சாயாக்கடையில் உட்கார்ந்தான். இரண்டு சாயா முடிவதற்குள் ஒரு பெண்ணை உண்டாக்கிவிட்டான். கமலாக்ஷி, வயது ஐம்பத்திரண்டு. இடது காது அறுந்தவள். புருஷனின் அடி தாங்காமல், ஆலுவாவில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வந்தவள். பாலில்லாத கட்டஞ்சாயாவில் உப்புப் போட்டுக் குடிப்பவள்.*

* உப்பு ஏன் என்று கேட்காதீர்கள். 'வேறு யாருக்கும் தோன்றாத ஒரு நுணுக்கம் வேண்டும்' என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எதிரே உப்பு ஜாடி இருந்தது.

பேராசிரியர் வகுப்பில் உரக்கப் படித்தார். "இதாணு ரிப்போர்ட்டிங்!" என்றார். அவரே ஒரு மாலைப் பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சில் வந்தது. திரும்பும் படகில் சங்கரலிங்கம் தன் பெயர் வெளியே தெரியும்படி பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். அவனுடைய அம்மா கனகாம்பாள். அவள் வந்தால் அவன் மானம் போகும்.

(போகட்டும்.)

கனகாம்பாள் பத்து வருஷமாக ஒரு கிடங்கில் சுக்குப் பொறுக்குகிறவள். அவளுக்கு மலையாளம் படிக்க வராது. அவனையே படித்துக் காட்டச் சொன்னாள். முழுக்கக் கேட்டாள்.

"இவ எந்தக் கிடங்குலடா?"

"வேற கிடங்கும்மா."

"எனக்கு எல்லாக் கிடங்குலயும் ஆள் தெரியும். இப்படி ஒருத்தி இல்லையே."

"பேரை மாத்தியிருக்கேன்."

"காதையும் மாத்தினியா?"

உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சாயாக்கடை வரைக்கும் போனவன் அடுப்படிக்கு வந்து என்கிட்ட கேட்டிருக்கலாம்லடா? சுக்குத் தூசி விழுந்து ஒரு வாரம் கண்ணு தெரியாம கிடந்தேனே. அது உன் பேப்பருக்குப் பத்தாதா?"

அந்த ஒரு வாரமும் அவன் வீட்டில்தான் இருந்தான். அது செய்தி என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

4

இரண்டு வாரம் கழித்து, கல்லூரி வாசலில் ஒருவர் அவனைத் தேடி வந்து நின்றார். பெயர் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆலுவா வந்தவர், அங்கே கொத்தனார். முப்பது வயதிருக்கும். பத்திரிகைத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"தம்பி, நீங்கதானே எழுதினது? சாயாக்கடையில ஒரு சேட்டன் படிச்சுச் சொன்னாரு. அது எங்கம்மா."

"அவங்க பேரு கமலாக்ஷிங்க..."

"எங்கம்மா பேரு மாயம்மாள். நாங்க தேடி வந்துருவோம்னு பேரை மாத்தியிருக்கும். இடது காதுதான். எங்கப்பன் தோட்டைப் புடிச்சு இழுத்ததுல அறுந்துச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒன்பது வயசு எனக்கு."

சங்கரலிங்கத்துக்கு ஒரு வழி தெரிந்தது. "உங்கம்மா சாயாவுல உப்புப் போட்டுக் குடிப்பாங்களா?"

ஒச்சப்பன் யோசித்தார். "இல்ல. அது இங்க வந்து பழகியிருக்கும்."

5

சங்கரலிங்கம் அங்கேயே உண்மையைச் சொன்னான்.

(பொய். சொல்லவில்லை. படகில் வெலிங்டன் தீவு தாண்டும்வரை சொல்லப் பார்த்தான், தொண்டையைத்தான் செருமிக்கொண்டான்.)

வீட்டுக்குக் கூட்டிப் போனான். கனகாம்பாள் விஷயத்தைக் கேட்டதும் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒச்சப்பனிடம், "காது அறுந்த மாயம்மாள் ஒருத்தி நிஜமாவே இங்க இருந்தாலும் இருக்கலாம். வாங்க, தேடுவோம்" என்றாள். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுக் கிடங்கு கிடங்காக நடந்தாள். வயதான பெண்கள் சிரித்துக்கொண்டே தலைத்துணியை விலக்கி இடது காதைக் காட்டினார்கள். ஒச்சப்பன் ஒவ்வொரு காதையும் பார்த்து, கும்பிட்டு நகர்ந்தார். சங்கரலிங்கம் பின்னால் போனான். மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான் முதல்தடவை.

யாரும் இல்லை. படகுத்துறையில் கனகாம்பாள் மகனிடம், "இனி நீ சொல்லு" என்றாள்.

"அண்ணே, அப்படி ஒரு அம்மா இல்ல. மழையில நனையச் சோம்பல்பட்டு நானே உண்டாக்கினது."

ஒச்சப்பன் அவன் முகத்தையே பார்த்தார்.

"எங்கம்மா இப்படிச் சொல்லச் சொல்லுச்சா?"

"இல்லண்ணே, சத்தியமா—"

"பரவால்ல தம்பி. என்னைப் பாக்கப் புடிக்கலைன்னா வேணாம். உயிரோட இருக்குல்ல?" விலாசம் எழுதிய ஒரு காகிதத்தை அவன் கையில் திணித்தார். "அப்பன் செத்து ஆறு வருஷமாச்சு, இனிப் பயமில்லைன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. அம்மா பேருதான் வச்சிருக்கேன்."

இதழியல் படிக்க வந்தபின் சங்கரலிங்கம் வெளியாள் ஒருவரிடம் சொன்ன முதல் உண்மை அது. எடுபடவில்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பத்திரிகைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான். எழுதினான்தான். 'வாசகர்கள் மறந்தாச்சு' என்று பேராசிரியர் வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். இது முடிவு ஆகாது.

(ஆ) நிஜ மாயம்மாள் பக்கத்து வல்லார்பாடம் தீவில் கிடைத்தாள். நாலு பக்கம், நல்ல கண்ணீர். கிழித்துவிட்டேன். மறுபடியும் சாயாக்கடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

(இ) நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகாம்பாள், "நீ சொன்னா நம்பமாட்டான். ஒரு தாய் சொன்னா நம்புவான்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு ஆலுவாவுக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: 'அப்படி யாரும் இல்லப்பா. மனசைத் தேத்திக்க.' ஒச்சப்பன் வீட்டு வாசலில் மாயம்மாள் ஓடி வந்து, நாலு வயது இருக்கும், கனகாம்பாளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் அப்பத்தாவா?" என்றாள். உள்ளேயிருந்து ஒச்சப்பன் ஈரக் கையோடு வந்தார்.

"வாங்கம்மா. பாத்துட்டீங்களா? எப்படி இருக்கு எங்கம்மா?"

கனகாம்பாள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். (நின்றான்.) இங்கே எழுதினால் நம்புவீர்களா? என் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அதனால் என் அம்மாவின் வாயில் ஒரு வரிகூட நான் வைக்கப் போவதில்லை.

நீங்கள் அந்த வாசலில் நில்லுங்கள். குழந்தை உங்கள் விரலைப் பிடித்திருக்கிறது. அவர் கேட்டுவிட்டார்.